கொழும்புக்கு வெளியே முதல் காணி: எதைப் பார்த்து வாங்குவது?

கடையில் ஒரு நல்ல வருடம் போய், கொடுக்கல் வாங்கல் எல்லாம் தீர்ந்து, கையில் நாற்பது ஐம்பது இலட்சம் மிஞ்சினால் எமது வியாபாரிகளுக்கு முதலில் தோன்றுவது காணிதான். வங்கியில் வைத்தால் வட்டி என்ற பயம். பங்குச் சந்தை என்றால் புரியாத விவகாரம். தங்கத்தை வாங்கி அலுமாரியில் பூட்டி வைக்க மனமில்லை. ஆகவே தரகர் ஒருவரைப் பிடித்து ஞாயிற்றுக்கிழமைகளில் காணி பார்க்கப் புறப்பட்டு விடுகிறார்கள். இது தவறென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு பெட்டி சாமான் இறக்குமுன் மூன்று பேரிடம் விலை கேட்டு, மாதிரி பார்த்து, கப்பல் கூலியைச் சதம் வரை கணக்குப் பார்க்கும் அதே மனிதர், எண்பது இலட்சத்துக்குக் காணி வாங்கும்போது ஒரு பின்னேரத்தில் முற்பணம் கொடுத்து விடுகிறார். இதுதான் எனக்கு விளங்காத விடயம்.

கொழும்பு நகரத்துக்குள் சிறிய வியாபாரி காணி வாங்கிய காலம் போய்விட்டது. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டியை விடுங்கள், தெஹிவளையில்கூட பாதை ஓரத்தில் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறோம். எனவே எல்லோரும் மாபோலை, வத்தளை, கொலன்னாவை, கடுவளை, மாலபே, கடவத்தை, மல்வானை, பாணந்துறை என்று வெளியே போகிறார்கள். அங்கே போனவுடன் கேட்கும் முதல் கேள்வி, "இந்த இடம் விலை ஏறுமா?" என்பது. தரகரிடம் இதைக் கேட்டு இல்லை என்ற பதிலைப் பெற்ற எவரையும் நான் இதுவரை கண்டதில்லை. கேட்க வேண்டிய கேள்வி, "அடுத்த மாதம் முதல் இந்த இடத்தை யார் பாவிப்பார், அதற்கு எவ்வளவு தருவார்?" என்பதுதான்.

வெறும் காணியின் கணக்கைப் பாருங்கள். பேர்ச் எட்டு இலட்சம் வீதம் 10 பேர்ச் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விலை 80 இலட்சம். உறுதி மாற்றத்துக்கான முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம். அதாவது 3 இலட்சத்து 19 ஆயிரம் ரூபா. அதற்கு மேல் நொத்தாரிசின் கட்டணம், நில அளவையாளரின் கூலி, வேலி, புல் வெட்டும் ஆளுக்குச் சம்பளம். காணி ஒரு சதமும் தராமலே நிற்கும். விற்கும்போது இலாபம் வந்தால் 2018 ஆம் ஆண்டு முதல் மீண்டும் நடைமுறைக்கு வந்த மூலதன ஆதாய வரியும் இருக்கிறது.

எம்மில் பலர் மறந்துவிடும் இன்னொரு கணக்கும் உண்டு. விலை ஏறியதும் விற்பது என்ற நிய்யத்துடன் வாங்கிய காணி வியாபாரப் பொருள்தான், கடையில் அடுக்கி வைத்த துணியைப் போல. பெரும்பாலான உலமாக்களின் கருத்துப்படி அதன் அன்றைய சந்தைப் பெறுமதிக்கு வருடா வருடம் இரண்டரை சதவீதம் ஸகாத் கடமையாகும். 80 இலட்சத்துக்கு 2 இலட்சம். காணியிலிருந்து வருமானம் இல்லாதபோது இந்த 2 இலட்சம் கடை முதலிலிருந்துதான் வரவேண்டும். நீண்ட காலம் வைத்திருப்பவர் விற்கும்போது ஒரு தடவை கொடுத்தால் போதும் என்ற மாலிகி மத்ஹபின் கருத்தும் இருக்கிறது. எதுவானாலும் வாங்குவதற்கு முன்னரே ஓர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாடகைக்கு விடுவதற்காக வாங்கிய கட்டடத்தின் நிலை வேறு. அங்கே கட்டடத்தின் பெறுமதிக்கு ஸகாத் இல்லை, கையில் சேரும் வாடகைப் பணமே கணக்கில் வரும் என்பதுதான் பரவலான கருத்து.

வாக்குறுதியை நம்பிக் காணி வாங்கும் பழக்கமும் எம்மிடம் அதிகம். மாலபேயிலிருந்து கோட்டை வரை இலகு ரயில் வரும் என்று சொல்லி அந்தப் பாதை நெடுகிலும் காணிகள் பேசப்பட்டன. 2020 செப்டெம்பரில் அரசாங்கம் அத்திட்டத்தைக் கைவிட்டது. ரயில் நிலையத்துக்கு நடந்துபோகும் தூரம் என்று விலை கொடுத்தவர்களுக்கு இன்று பஸ்தான். இதற்கு மாறாக, கொட்டாவையிலிருந்து கடுவளை வரையான வெளிச்சுற்று வட்டப் பாதை 2014 இலும், கடவத்தை வரை 2015 இலும், கெரவலப்பிட்டி வரை 2019 இலும் திறக்கப்பட்டது. நான் சொல்வது இதுதான்: வாகனம் ஓடத் தொடங்கிய பாதைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் பரவாயில்லை. வரைபடத்தில் மட்டும் இருக்கும் பாதைக்குச் சதமும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

வியாபாரிக்கு மற்றவர்களிடம் இல்லாத ஓர் அனுகூலம் உண்டு. சரக்கு எங்கிருந்து எங்கே போகிறது என்பது அவருக்குத் தெரியும். புறக்கோட்டையிலிருந்த மெனிங் சந்தை 2020 நவம்பரில் பேலியகொடைக்குப் போனது. லொறிகளும் நாட்டாமைகளும் சாப்பாட்டுக் கடைகளும் அதன் பின்னால் போயின. புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் களஞ்சியசாலைக்கு வாடகை கொடுக்க முடியாமல், லொறி நிறுத்த இடமில்லாமல் திண்டாடும் வியாபாரிகள் எத்தனை பேர் என்பதை நீங்கள் எந்தத் தரகரையும் விட நன்றாக அறிவீர்கள். அவர்களில் ஒருவர் வாடகைக்கு எடுக்கக்கூடிய, கொள்கலன் லொறி திரும்பக்கூடிய பாதை உள்ள ஓர் இடம், பேர்ச் விலை சற்றுக் கூடினாலும் முதல் முதலீட்டுக்கு ஏற்றதென்பது என் கருத்து. பியகம ஏற்றுமதி வலயத்துக்குப் பக்கத்தில் தொழிலாளர் தங்கும் அறைகள், மாலபேயிலும் ஹோமாகமவிலும் பல்கலைக்கழக மாணவர்களுக்கான போடிங் அறைகள் என்பனவும் இதே வகைதான். நாலு அறையுள்ள பழைய வீடு பார்வைக்கு அழகில்லை. ஆனால் மாதாமாதம் காசு தரும்.

இங்கே சிலருக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிவாசலுக்குப் பக்கத்தில், எமது ஆட்கள் மத்தியில்தான் காணி வேண்டும் என்று நிற்பதால் அந்த ஊர்களில் விலையை ஏற்றுபவர்களும் நாங்களே. 2014 இலும் 2019 இலும் நடந்தவற்றுக்குப் பிறகு, குடியிருக்க வாங்குபவர் அப்படி நினைப்பதை யாரும் குறை சொல்ல முடியாது. முதலீட்டுக்கு வாங்குபவர் அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்கத் தேவையில்லை. களஞ்சியசாலைக்கு வாடகை தரும் கம்பனி பாங்கு கேட்கும் தூரத்தைப் பார்ப்பதில்லை.

தண்ணீர் விடயத்தில் கவனம் வேண்டும். களனி கங்கையின் இரு கரையிலும் மலிவாகக் கிடைக்கும் காணி ஏன் மலிவு என்பதை 2016 மே மாதம் கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவளை மக்கள் கண்டார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மீண்டும் கண்டார்கள். காணி பார்க்கப் போனால் விற்பவரிடம் கேட்காமல் முச்சந்தியிலுள்ள தேநீர்க் கடைக்காரரிடம் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். சுவரைக் காட்டுவார். வயலை நிரப்பி ப்ளொக் போட்ட இடமென்றால், நிரப்பியதற்குக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி இருந்ததா என்று பார்க்க வேண்டும். பிரதேச சபை அங்கீகரித்த வரைபடமும் வேண்டும். பொதுவாக 6 பேர்ச்சுக்குக் குறைந்த துண்டுக்கு நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகளின்படி கட்டட அனுமதி இலகுவில் கிடைக்காது.

இனி உறுதி. காணி வியாபாரத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. எமது சமூகத்துக்கே உரிய சிக்கலும் இங்கேதான். முஸ்லிம் ஒருவர் மரண சாசனமின்றி இறந்தால் 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க முஸ்லிம் மரணசாசனமற்ற வழியுரிமைச் சட்டத்தின்படி அவருடைய சொத்து ஷரீஅத் பங்குகளாகப் பிரியும். தகப்பன் இறந்து, மனைவி, இரண்டு ஆண் மக்கள், ஒரு மகள் இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதி ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. காணியை 40 பங்காக்கினால் தாய்க்கு 5, மகளுக்கு 7, மகன்மார் ஒவ்வொருவருக்கும் 14. இரண்டு மகன்மாரும் மட்டும் ஒப்பமிட்டு 10 பேர்ச் காணியை உங்களுக்கு விற்றால், நீங்கள் வாங்கியது 7 பேர்ச்தான். அதுவும் எந்தப் பக்கத்து 7 பேர்ச் என்று சொல்ல முடியாத பிரிக்கப்படாத பங்கு. "தங்கச்சிக்குக் கல்யாணத்தில் வீடு கொடுத்துவிட்டோம், அவ ஒன்றும் கேட்கமாட்டா" என்று சொல்வார்கள். தங்கச்சி கேட்காமல் இருக்கலாம். அவருடைய பிள்ளைகள் இருபது வருடத்துக்குப் பிறகு 1977 ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடலாம். வாயால் சொன்ன விட்டுக்கொடுப்பு எதுவும் அங்கே நிற்காது. தாயும் மகளும் உறுதியில் ஒப்பமிட வேண்டும். சட்டத்துக்கு மட்டுமல்ல, ஒரு பெண்ணின் பங்கைச் சாப்பிட்ட காணியில் நாம் வாடகை எடுக்காமல் இருப்பதற்கும் அது அவசியம். நன்கொடை உறுதி வழியாக வந்த காணியென்றால், மீளப்பெற முடியாதது என்ற வாசகம் அதில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். முஸ்லிம்களின் நன்கொடையில் அவ்வாறு எழுதப்படாவிட்டால் கொடுத்தவர் திரும்பப் பெற இடமுண்டு.

விற்பவர் கொண்டுவரும் நொத்தாரிசை நம்பாமல் உங்களுடைய சட்டத்தரணியைக் கொண்டு காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடத்துக்காவது தேடிப் பாருங்கள். ஒப்பமிட்ட பின் உறுதியை அலுமாரியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். பதியாத உறுதியை, பின்னர் பணம் கொடுத்து வாங்கி முதலில் பதிந்தவருடைய உறுதி வென்றுவிடும். வெளிநாட்டிலிருப்பவரின் அட்டோர்னித் தத்துவத்தைக் காட்டி விற்றால், அவரிடமே தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசாமல் ஒரு ரூபாவும் கொடுக்க வேண்டாம். 1998 ஆம் ஆண்டின் உரித்துப் பதிவுச் சட்டத்தின் கீழ் பிம்சவிய சான்றிதழ் வழங்கப்பட்ட காணியென்றால் இந்தத் தலைவலியில் பெரும்பகுதி குறையும்.

பணம் போதாதவர்கள் கடனுக்குப் போகிறார்கள். வட்டி ஹராம் என்பது ஒருபுறமிருக்க, 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியபோது, மாறும் வட்டியில் கடன் எடுத்துக் காணி வாங்கியவர்கள் பட்ட பாட்டை நாங்கள் பார்த்தோம். காணிக்குப் பெறுமதி இருந்தது, வாங்க ஆளில்லை. 2005 இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு குறைந்து செல்லும் முஷாரகா போன்ற முறைகள் இங்கே கிடைக்கின்றன. அவற்றிலும் மாதத் தவணை எந்த அடிப்படையில் மாறும் என்பதைக் கேட்டுத்தான் ஒப்பமிட வேண்டும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது மூன்று நான்கு வியாபாரிகள் சேர்ந்து வாங்குவது. ஆனால் எமது ஆட்கள் நம்பிக்கை என்று சொல்லி ஒருவர் பெயரில் உறுதி எழுதிவிடுகிறார்கள். அவர் மௌத்தானதும் அந்தக் காணி சட்டப்படி அவருடைய வாரிசுகளுக்குப் போகும். மற்ற மூவரும் ஜனாஸா வீட்டு வாசலில் நின்று எங்கள் பணமும் இதில் இருக்கிறது என்று சொல்ல வேண்டிவரும். கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் அல்பகரா 282 ஆம் வசனம் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்பதை எல்லோரும் ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். நால்வர் பெயரும் பங்கு விகிதத்தோடு உறுதியில் வரட்டும். ஒருவர் விலக விரும்பினால் மற்றவர்கள் என்ன விலைக்கு வாங்குவது, யார் வாடகை சேர்ப்பது, சோலை வரியை யார் கட்டுவது என்பதெல்லாம் முற்பணம் கொடுக்குமுன் தனி ஒப்பந்தமாக எழுதப்பட்டு, அதன் பிரதி நான்கு வீட்டிலும் இருக்கட்டும்.