விளையாட்டு பீரியடைத் திருப்பிக் கொடு!

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தாச்சு. கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுக்கிட்டு இருக்காங்க நம்ம பிள்ளைங்க. எல்லா வீட்டுலயும் ஒரே கேள்விதான்: "எவ்வளவு மார்க்?" "உனக்கு என்னம்மா பிடிக்கும்?" என்று கேட்ட வீடு எத்தனை?

தோழர்களே, இது பெற்றோரைக் குறை சொல்லும் பதிவு அல்ல. கூலி வேலைக்குப் போய் மகளைப் படிக்க வைக்கும் தாய்க்குப் பயம் இருக்கத்தான் செய்யும். அந்தப் பயத்தைக் காசாக்குறாங்களே, அவங்களைக் கேட்கிறோம்.

முதல் கேள்வி தனியார் பள்ளிகளுக்கு. பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் "கடன்" வாங்கிய கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். ஒரு நாளாவது அந்தக் கடன் திரும்பி வந்திருக்கா? பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை உருப்போட வைத்த பள்ளிகள் இந்த மாநிலத்தில்தான் இருந்தன. 2017-18ல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்ததே அதனால்தான். 2025-26 முதல் அந்தத் தேர்வு நீக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகள் மீதான சுமை குறைந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் கிடைத்த அந்த மூச்சுவிடும் நேரத்தைப் பள்ளி முதலாளி மறுபடியும் சுருட்டிக்கொள்ள விடலாமா?

இரண்டாவது கேள்வி ஒன்றிய அரசுக்கு. தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வே வேண்டாம் என்று 2006லேயே சட்டம் போட்ட மாநிலம் இது. அதன் தலையில் நீட்டைக் கட்டினீர்கள். 12 வருஷப் படிப்பை ஓரங்கட்டிட்டு 180 கேள்வி, 720 மார்க்! மருத்துவத்தோடு விட்டீர்களா? டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. வரலாறு படிக்கவும் 2022 முதல் கியூட் எழுதணும். வரலாற்று நூல்களை ஆசை ஆசையாகத் தேடிப் படித்த பிள்ளையும் "நாலுல ஒண்ணை டிக் அடி" பயிற்சிக்குப் போகணும். பள்ளிக்கே போகாமல் பேரை மட்டும் பதிந்துவிட்டு கோச்சிங் சென்டரில் உட்காரும் "டம்மி பள்ளி" வியாபாரம் எங்கிருந்து முளைத்தது? உங்கள் நுழைவுத்தேர்வுகளின் நிழலில்தானே! 2024ல் சிபிஎஸ்இயே 21 பள்ளிகளின் அங்கீகாரத்தை ரத்து செய்ய வேண்டி வந்ததே!

"ஐஐடியில விளையாட்டுக்கும் கலைக்கும் இடம் தர்றாங்களே" என்பார்கள். உண்மைதான். சென்னை ஐஐடி 2024-25ல் விளையாட்டுக்கும், 2025-26ல் நுண்கலைக்கும் தனி இடங்கள் தந்தது. வரவேற்கிறோம். ஆனால் அதற்கும் ஜேஇஇ அட்வான்ஸ்டு தரவரிசையில் பேர் வரணும். காலையில மைதானம், மாலையில கோச்சிங், ரெண்டுக்கும் பணம் கட்ட எந்தக் கூலித் தொழிலாளியால் முடியும்?

இப்போது புதுசா ஒரு கடை வேற. ரெண்டு நாள் ரோபோட்டிக்ஸ் வகுப்பு, கையில ஒரு சர்டிபிகேட், "விண்ணப்பத்துல போட்டா வெயிட்டா இருக்கும்"னு விற்கிறான். ஆர்வம் என்ன கடையில கிடைக்கிற சரக்கா? சாயங்காலம் ஏரிக்கரையில் பறவை பார்த்து நோட்டில் எழுதி வைக்கிற பையனுக்கும், மாமா ஒர்க் ஷாப்பில் மோட்டாரைப் பிரிச்சுப் போட்டு மாட்டுற பொண்ணுக்கும் இருப்பதுதான் ஆர்வம். அதுக்கு சர்டிபிகேட் கிடையாது. நேரம் மட்டும்தான் வேணும். அந்த நேரத்தைத்தான் திருடுறாங்க.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்கிறோம். ஆர்வம் என்றால் அப்பன் தொழில் அல்ல! 1953ல் ராஜாஜி அரை நாள் பள்ளி, அரை நாள் குடும்பத் தொழில் என்றார். தமிழ்நாடு கொதித்தது. 1954ல் காமராசர் அந்தக் குலக்கல்வியைக் குழிதோண்டிப் புதைத்தார். பிள்ளை என்ன ஆகணும் என்பதைச் சாதியும் சொல்லக் கூடாது, கோச்சிங் சென்டரும் சொல்லக் கூடாது.

"விளையாட்டும் பாட்டும் சோறு போடுமா?" என்று கேட்பவர்களுக்கு: தனக்கு எது பிடிக்கும் என்றே தெரியாமல், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்து, அரியர் வைத்து, நாலு வருஷத்தையும் கல்விக் கடனையும் தொலைத்த பிள்ளைக்கு அது சோறு போட்டதா?

நாம் கேட்பது:

🔴 விளையாட்டு, ஓவியம், இசை வகுப்புகளை மற்ற பாடங்களுக்குப் பிடுங்கும் பள்ளிகள் மீது நடவடிக்கை எடு!

🔴 பதினொன்றாம் வகுப்புப் பாடம் முழுமையாக நடத்தப்படுகிறதா என்று தனியார் பள்ளிகளில் திடீர் ஆய்வு நடத்து!

🔴 உடற்கல்வி, ஓவியம், இசை, தையல் கற்றுத்தர 2012ல் 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு வருஷக்கணக்காக வீதியில் நின்றவர்கள் அவர்கள். பிள்ளைகளின் ஆர்வத்தை வளர்க்க ஆள் வேணும்னா, அந்த ஆசிரியருக்கு முழுச் சம்பளம் கொடு!

🔴 நீட்டை, கியூட்டை ரத்து செய்!

தம்பி, தங்கைகளே! விண்ணப்பத்தில் பாடப்பிரிவை நிரப்பும் முன் ஒரு நிமிஷம் யோசிங்க. யாரும் சொல்லாமலே நீங்க எதைத் தேடிப் போய்ச் செஞ்சீங்க? அதை வீட்டில் தைரியமாச் சொல்லுங்க. எந்தக் கல்லூரியில் என்ன படிப்பு இருக்கு, எப்படி விண்ணப்பிப்பது என்று சந்தேகமா? உங்க பகுதி கட்சி அலுவலகத்துக்கு வாங்க. நம்ம மாணவர் அமைப்புத் தோழர்கள் பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பம் போட உதவுவார்கள். ஒரு பைசா செலவில்லை.

#விளையாட்டு_பீரியடைத்_திருப்பிக்_கொடு
#பிள்ளைகளின்_நேரம்_பிள்ளைகளுக்கே