உட்கார்ந்து பேசுகிற வேலைதானே?

"ஏசி அறை, மெத்தை நாற்காலி, வாயை அசைத்தால் சம்பளம். இதில் என்ன ஆபத்து?" கால்சென்டர் என்ற பேச்சு வந்தாலே சென்னையிலும் ஜெர்மனியின் ஆஹெனிலும் இதைத்தான் சொல்கிறார்கள். பல ஆண்டுகளாகக் கேட்டுச் சலித்துவிட்டது. ஒரு நாள் முழுக்க ஹெட்செட் மாட்டி உட்கார்ந்தவர் யாரும் இப்படிப் பேசமாட்டார்.

இயந்திரம் இல்லை, ரசாயனம் இல்லை, ஆகவே ஆபத்தும் இல்லை என்பது முதல் வாதம். 2020 மார்ச்சில் சியோலின் குரோ பகுதியில், ஒரு கட்டடத்தின் 11ஆம் மாடியில் கால்சென்டர் இயங்கிய தளத்தில் இருந்த 216 பேரில் 94 பேருக்குக் கொரோனா தொற்றியது. நெருக்கி உட்காரவைத்து நாளெல்லாம் பேசச் சொன்னதே அதற்குப் போதுமாயிருந்தது.

இரண்டாவது வாதம் படித்தவர்களிடமிருந்து வருவது. "இரைச்சலை அளந்தாயிற்று, வரம்புக்குள்தான் இருக்கிறது." ஜெர்மன் விதிப்படி நாளொன்றின் சராசரி 80 டெசிபலைத் தாண்டினால் நிர்வாகம் காதுக் காப்பு தரவேண்டும், 85ஐத் தொட்டால் அணிந்தே ஆகவேண்டும். கால்சென்டரின் சராசரி பெரும்பாலும் 85க்குக் கீழேதான் இருக்கும். ஆனால் அந்த வரம்பு முக்கியமாகக் காது செவிடாகாமல் காப்பதற்கு வகுத்தது. மூளை என்ன பாடுபடுகிறது என்பதை இரைச்சல் அளக்கும் மீட்டர் சொல்லாது.

அதைச் சொல்லும் ஆய்வு தூரத்தில் இல்லை. இன்று ஆஹென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பணி உளவியல் பேராசிரியராக இருக்கும் சாபினே ஷ்லிட்மையர், சக ஆய்வாளர்களோடு 2008இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பின்னணியில் ஒருவர் பேசுவது தெளிவாகப் புரிந்தால், அது 55 டெசிபலில் ஒலித்தாலும் 35 டெசிபலில் ஒலித்தாலும் கேட்பவரின் நினைவாற்றல் சரிகிறது. அதே பேச்சைப் புரியாதபடி மழுக்கிவிட்டால் பாதிப்பு குறைகிறது. 35 டெசிபல் என்பது ஏறக்குறைய நூலகத்தின் அமைதி. கெடுப்பது சத்தத்தின் அளவு அல்ல, புரிகிற சொல்.

இப்போது கால்சென்டர் தளத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே ஒரு பெண், அழைத்தவரின் வாடிக்கையாளர் எண்ணைக் கேட்டு எழுதும்போது அடுத்த இருக்கைக்காரர் இன்னொரு எண்ணைத் திருப்பிச் சொல்கிறார். பின்னால் ஒருவர் முகவரி கேட்கிறார். எல்லாமே அவளுக்கு நன்கு புரிகிற சொற்கள். எண்ணில் ஒரு இலக்கம் பிசகினால் தர மதிப்பெண் போகும், மறுபடி கேட்டால் அழைப்பு நேரம் நீளும். நாள் முழுக்க மூளை தள்ளிவிட முயன்றும் தள்ள முடியாத பேச்சு அது. பேச்சு கலந்தால் குரலும் உயரும். 1911இல் பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார்ட் விவரித்த பழைய விஷயம் இது. ஒருவர் குரலை உயர்த்த, பக்கத்தவரும் உயர்த்துகிறார். தொண்டைக்குத்தான் வலி. டெலிமார்க்கெட்டிங் ஊழியர்களுக்குக் குரல் கோளாறின் அறிகுறிகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு இருப்பதை 2002இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. இருக்கைகளுக்கு நடுவே ஒலி உறிஞ்சும் தடுப்பும், கூரையில் ஒலி உறிஞ்சிகளும் வைத்தால் பக்கத்துப் பேச்சின் தெளிவு குறையும். அதைச் செய்யாமல் மீட்டரைக் காட்டுவது ஏமாற்று வேலை.

"திட்டினால் போனை வைத்துவிட வேண்டியதுதானே" என்பது மூன்றாவது. அழைப்பைத் துண்டித்தால் யாருக்கு மெமோ வரும் என்று தெரியாதவர்களின் பேச்சு இது. தென்கொரியா 2018இல் சட்டம் கொண்டுவந்தது. வாடிக்கையாளரின் வசவால் உடலோ மனமோ பாதிக்கப்படும் நிலை வந்தால், ஊழியரின் வேலையை நிறுத்தி ஓய்வு தரவேண்டியது முதலாளியின் கடமை.

கடைசியாக, "ஜெர்மனியில்தான் சட்டம் இருக்கிறதே" என்பார்கள். ஆமாம், 1996இன் தொழில் பாதுகாப்புச் சட்டத்தில் மனச்சுமையையும் இடர் மதிப்பீட்டில் 2013இல் வெளிப்படையாகச் சேர்த்தார்கள். ஆபத்தே இல்லை என்றால் சேர்த்திருப்பார்களா? சென்னையில் அமெரிக்க நேரத்துக்கு விழித்திருக்கும் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சேர்கிறது. இரவுப்பணியைப் பெரும்பாலும் புற்றுநோய் தரக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலேயே வகைப்படுத்தி, 2019இல் மறுபடி உறுதிசெய்தது.