பெருநாள் விசேட நிகழ்ச்சி



1978 நவம்பர் 17 அன்று அமெரிக்காவில் சிபிஎஸ் தொலைக்காட்சி ‘ஸ்டார் வோர்ஸ்’ விடுமுறை விசேட நிகழ்ச்சி ஒன்றை ஒளிபரப்பியது. முந்திய வருஷம்தான் அந்தப் படம் உலகத்தையே கலக்கியிருந்தது. ஆனால் இதில் உடம்பெல்லாம் உரோமம் மூடின ஒரு குடும்பம் நிமிஷக் கணக்கில் உறுமிக்கொண்டே இருக்கும். என்ன பேசுகிறார்கள் என்று கீழே எழுத்துக்கூட ஓடாது. ஹாரிசன் போர்ட் நடித்தும் தேறவில்லை. சிபிஎஸ் அதை மறுபடி போடவேயில்லை.

அவர்கள் ஒரு தடவையோடு விட்டார்கள். நமக்கு ஒவ்வொரு பெருநாளும் அதே கதை. ஜோடித்த மண்டபம், வட்டிலப்பம் செய்முறை, விளம்பரக்காரர்ட வாழ்த்து, பிறகு பழைய இந்தியப் படம். வெருகல், தோப்பூர், மூதூர்ப் பக்கத்து வயலும் ஆறும் பொல்லடியும் எங்கே? பக்கத்துத் தமிழ் வீட்டுக்குச் சோறு கொடுத்தனுப்புற நம்மட வழக்கம் எங்கே?

வகுப்பில் பெருநாள் கட்டுரை எழுதச் சொன்னேன். பாதிப்பேர் டீவியில் கண்டதைத்தான் எழுதியிருந்தார்கள். ஒரு பிள்ளை மட்டும், வாப்பா தொழுகை முடிந்த கையோடு புதுச் சாரனோடயே வயலுக்குத் தண்ணி கட்டப் போனதையும், உம்மா ஏசினதையும் எழுதியிருந்தாள்.

அதை எடுக்க ஒரு போன் போதும். தம்பிமார், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எடுத்துப் போடுங்க. மோசமாக வந்தாலும் நான் பார்ப்பேன்.