புள்ளிக் கோட்டில் ஒரு கவசம்

மீன் செதில்போல் தகடுகள் அடுக்கிய கவசத்துடன் நிற்கும் ரோமானியப் படைவீரனின் படத்தை நூல்களில் பார்த்திருப்பீர்கள். அதில் எவ்வளவு கண்டெடுத்தது, எவ்வளவு ஊகம் என்று கேட்டதுண்டா?

மண்ணில் பெரும்பாலும் கிடைப்பவை உதிரித் தகடுகளே. சில சமயம் நாலைந்து சேர்ந்தாற்போல் கிடைக்கும். தகடுகளில் உள்ள துளைகள் நமக்கு நல்ல சாட்சிகள். பக்கத் துளைகளில் கம்பி கோத்து அடுத்த தகட்டுடன் பிணைத்தார்கள். மேல் துளைகள் வழியாகத் துணியிலோ தோலிலோ தைத்தார்கள். கூரை ஓடுகள்போல மேல் வரிசை கீழ் வரிசையின் தையலை மறைத்தது. இவ்வளவும் உறுதி. கவசம் இடுப்புவரையா, தொடைவரையா? கை உண்டா? பக்கத்தில் திறந்ததா, தோளிலா? அதைச் சொல்ல வேண்டிய துணி மக்கிப் போய்விட்டது.

எப்போதாவது துணியும் தப்பிப் பிழைப்பதுண்டு. ஸ்காட்லாந்தில் கார்ப்போ என்னுமிடத்தில் 1979-இல் கிடைத்த கவசத் துண்டில், தகடுகளுக்குப் பின்னே லினன் துணி (ஆளிச் செடியின் நாரால் நெய்தது) ஒட்டியிருந்தது. காரணம் வேதியியல்தான். செம்பு கலந்த உலோகம் அரிக்கும்போது உண்டாகும் உப்புகள் நுண்ணுயிர்களுக்கு நஞ்சு. உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்த துணி பிழைத்தது. சிரியாவின் தூரா யூரோப்போஸ் நகரில் குதிரைகளுக்கான செதில் கவசங்களே கிடைத்தன. ஆனால் குதிரையின் சட்டையை வைத்து மனிதனின் சட்டையை வெட்ட முடியாதே!

சிற்பங்களைப் பார்க்கலாமே என்பீர்கள். ரோமில் கி.பி. 113-இல் நிறுவிய டிராஜன் தூணில், சர்மேஷியக் குதிரைவீரர்கள் உடம்போடு ஒட்டிய செதில்களுடன் இருக்கிறார்கள். குதிரைகளுக்குக் கால்களிலும் செதில்! அப்படி உடுத்திய குதிரை ஓடியிருக்க முடியாது. சிற்பி கவசத்தைப் பார்த்துச் செதுக்கினாரா, கேட்டுச் செதுக்கினாரா?

என் வகுப்பில் மாணவர்கள் வரைபடம் போடும்போது நான் கண்டிப்பாக இருப்பேன். அளந்த புள்ளிகளுக்கிடையே முழுக்கோடு; அதற்கு அப்பால் நீட்டினால் புள்ளிக்கோடு. அருங்காட்சியகத்துக் கவசத்திலும் இப்படித்தான் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. சான்றுள்ள பகுதி பித்தளை நிறத்தில் இருக்கட்டும். ஊகித்த பகுதி சாம்பல் நிறத்தில் இருக்கட்டும். வரலாற்றுத் துறை நண்பர் ஒருவர் இதை ஏற்கவில்லை. "பாதி சாம்பலாக நின்றால் எந்தப் பையன் ஐயா திரும்பிப் பார்ப்பான்?" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயமுண்டு. ஆனால் முழுமையாகத் தோன்றும் ஒன்றைக் கேள்வி கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. ஒரு படத்தைப் பார்த்து அடுத்த ஓவியர் வரைவார், மூன்றாவது நூலில் அதுவே சான்றாகிவிடும். ரோமானியரின் இரும்புப் பட்டைக் கவசத்துக்கு இதுதான் நேர்ந்தது. 1964-இல் இங்கிலாந்தின் கார்பிரிட்ஜில் மரப்பெட்டி ஒன்றில் அதன் பாகங்கள் கிடைத்தபின், பழைய படங்களில் பல தவறெனத் தெரிந்தது.

மீட்டமைப்பே வீண் என்று சொல்லவில்லை. செய்து, அணிந்து, நடந்து பார்ப்பது ஒரு சோதனைதான். தாளில்கூடச் செய்யலாம். 2.5 செ.மீ. நீளம், 1.5 செ.மீ. அகலம், அரை மி.மீ. கனமுள்ள பித்தளைத் தகடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடர்த்தி 8.5 என்றால் எடை ஏறத்தாழ 1.6 கிராம். ஒன்றன்மேல் ஒன்று படிந்தபின் வெளியே தெரியும் பரப்பு 2 சதுர செ.மீ. எனக் கொள்வோம். இடுப்புவரை 8,000 சதுர செ.மீ. மூட 4,000 தகடுகள், 6.4 கிலோ. தொடைவரை நீண்டு 11,000 ஆனால் 5,500 தகடுகள், 8.8 கிலோ. ஒரு தகட்டின் எடையைத் தராசில் துல்லியமாக நிறுத்துவிடலாம். முழுக் கவசத்தின் எடையில் 2.4 கிலோ அந்தத் தையற்காரன் கையில் இருக்கிறது.