பாணியைத் தேடி அலையாதே, தோழா!



நம்ம டிராயிங் ஹாலில் எல்லோரும் ஒரே மாதிரி மினி டிராஃப்டர், ஒரே எச்.பி. பென்சிலை வைத்துக்கொண்டு ஒரே படத்தைத்தான் போடுகிறோம். ஆனாலும் பெயரை மறைத்துவிட்டு ஷீட்டை நீட்டினால், "இது யார் போட்டது" என்று பாதிப் பேர் சொல்லிவிடுவோம். லெட்டரிங் காட்டிக் கொடுத்துவிடும்! ஒருவன் எழுத்து லேசாகச் சாயும். இன்னொருவன் அம்புக்குறி கொக்கு மூக்காக நீளும். இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? யாருமில்லை. ஷீட் ஷீட்டாகப் போட்டான், வந்துவிட்டது.

ஓவியத்தில் 'பாணி' என்பதும் இப்படி வருவதுதான் என்பது என் கருத்து.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. விடுதியில் என் அறைத் தோழன் பிரமாதமாக வரைவான். பத்திரிகைப் படங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தே கை தேறியவன். ஒரு போட்டிக்கு நடுவராக வந்தவர், "எல்லாம் காப்பியா இருக்கு, உனக்குன்னு ஒரு ஸ்டைல் இல்லையேப்பா" என்று சொல்லிவிட்டார். அன்றோடு பிரஷ்ஷை மூட்டை கட்டிவிட்டான். இந்த மலருக்கு அட்டைப்படம் கேட்டபோதும், "எனக்குன்னு ஒரு ஸ்டைல் வரட்டும்டா, அப்புறம் பார்க்கலாம்" என்றான். நீச்சல் தெரிந்த பிறகுதான் கிணற்றில் இறங்குவேன் என்ற கதைதான்!

கே.சி.எஸ். பணிக்கரைப் பாருங்கள். 1911-ல் கோவையில் பிறந்தவர். தந்தி இலாகாவில் வேலை பார்த்துவிட்டு, 1936-ல்தான் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். பின்னாளில் அங்கேயே முதல்வரானார். ஆரம்பத்தில் அவர் வரைந்தது கேரளத்து இயற்கைக் காட்சிகள், நீர்வண்ணத்தில். பிறகு மனித உருவங்கள். இன்று அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வரும் 'சொற்களும் குறியீடுகளும்' ஓவிய வரிசையைத் தொடங்கியது 1963-ல். அப்போது வயது 52! அதற்குத் தூண்டுகோல் எது தெரியுமா? ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப் பக்கம். எண்கள், குறிகள், ஜியோமிதி உருவங்கள்! கணக்கு நோட்டை நாமும் தினம் பார்க்கிறோம். நமக்கு அரியர்தான் தெரிகிறது. பல வருடம் வரைந்து பழகிய கண்ணுக்கு அதில் ஓவியம் தெரிந்தது.

அவர் முன்னின்று 1966-ல் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் அவரிடம் படித்தவர்கள் பலர் சேர்ந்தே வாழ்ந்தார்கள். ஆனாலும் அவரவர் கைக்கு அவரவர் கோடு.

வான்கா கதையும் அதுதான். 1885-ல் வரைந்த 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' ஒரே இருட்டு, மண் நிறம். 1886-ல் பாரிஸ் போனார். 1887-ல் ஹிரோஷிகேயின் ஜப்பானியப் படங்களைப் பார்த்தே வரைந்தார். 1889-ல் மனநல விடுதியில் இருந்தபோதுகூட மில்லேயின் படங்களைப் பிரதி எடுத்தார். பார்த்து வரைந்ததால் அவர் தொலைந்து போகவில்லையே! மில்லேயைப் பிரதி எடுத்தாலும் வான்காதான் தெரிகிறார்.

"அப்படீன்னா காப்பியடிக்கலாமா?" என்று கேட்பீர்கள். கற்றுக்கொள்ளப் பார்த்து வரைவது பயிற்சி. பிறர் படத்தின் அடியில் தன் பெயரைப் போட்டுப் பரிசு வாங்குவது திருட்டு. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். இன்று கம்ப்யூட்டரிடம் சொன்னால் யார் பாணியிலும் நொடியில் படம் போட்டுத் தருகிறது. தரட்டும்! ஆனால் அதனால் நம் கை ஒரு கோடு கூடத் தேறாதே.

'தானாக வரும்' என்றால் சும்மா உட்கார்ந்திருந்தால் வரும் என்று அர்த்தமில்லை. உழைப்பு நம்முடையது, பாணி அதன் பின்னால் நடந்து வரும் நிழல். நிழலைத் துரத்தினால் ஓடும். நாம் நடந்தால் கூடவே வரும்.

தோழா, நான் இறுதியாண்டு. அடுத்த மலர் வரும்போது இங்கே இருக்க மாட்டேன். ஆனால் அதன் அட்டையைக் கையெழுத்து பார்க்காமலே "இது நம்மாள் போட்டது" என்று சொல்ல ஆசை. பிரஷ்ஷை எடுடா!