கடல் கடந்து பிரசவம்! இன்சூரன்சு இல்லாவிட்டால் கதி என்ன?

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்து வருவது நம் நாட்டு வழக்கம். ஆனால், பிரசவத்துக்காகவே விமானம் ஏறி வேறு நாட்டுக்குப் போகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள்.

சீனாவிலிருந்து போகிறார்கள். ரஷ்யாவிலிருந்து போகிறார்கள். நைஜீரியாவிலிருந்தும் போகிறார்கள். போகும் இடம் பெரும்பாலும் அமெரிக்கா அல்லது கனடா.

இவர்கள் கையில் பாஸ்போர்ட்டு இருக்கும். விசா இருக்கும். ஆஸ்பத்திரிக்கு என்று எடுத்து வைத்த பணமும் இருக்கும். ஆனால் பிரசவச் செலவை ஏற்கும் இன்சூரன்சு பலரிடம் இருப்பதில்லை.

"பிரசவம் என்ன நோயா? இன்சூரன்சு எதற்கு?" என்று நினைக்கிறார்கள். அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

ஏன் போகிறார்கள்?

அமெரிக்க அரசியல் சட்டத்தின் 14-வது திருத்தம் 1868-ம் ஆண்டில் வந்தது. அந்த நாட்டு மண்ணில் பிறந்து, அதன் சட்டத்துக்கு உட்பட்டவர் அந்த நாட்டுக் குடிமகன் என்று அது சொல்கிறது. அடிமைகளாக இருந்த கறுப்பு இன மக்களின் பிள்ளைகளுக்கு உரிமை தரவே அது கொண்டு வரப்பட்டது.

1898-ம் ஆண்டில் ஒரு வழக்கு வந்தது. சான்பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த ஒருவர் அமெரிக்கரா, இல்லையா என்பது கேள்வி. "அமெரிக்கர்தான்" என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

பிள்ளைக்கு ஒரு பணக்கார நாட்டின் பாஸ்போர்ட்டு கிடைக்கும் என்ற ஆசைதான் கர்ப்பிணிகளை விமானம் ஏற்றுகிறது.

இதை வியாபாரமாகச் செய்தவர்களும் உண்டு. 2019-ம் ஆண்டு ஜனவரியில், கலிபோர்னியாவில் 19 பேர் மீது அமெரிக்க அரசு வழக்குத் தொடர்ந்தது. வெளிநாட்டுக் கர்ப்பிணிகளை வரவழைத்து, வீடு பிடித்துக் கொடுத்து, பிரசவத்துக்கு ஏற்பாடு செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஒரு கும்பல் ஒரு பெண்ணிடம் 40 ஆயிரம் முதல் 80 ஆயிரம் டாலர் வரை வாங்கியதாகக் கூறப்பட்டது.

சுகப்பிரசவம் ஆனால்...

அமெரிக்காவில் பிரசவத்துக்கு என்ன செலவு ஆகும்?

2022-ம் ஆண்டில் வெளியான ஒரு கணக்குப்படி, கம்பெனி இன்சூரன்சு உள்ள ஒரு பெண்ணின் கர்ப்பகாலம், பிரசவம், பிறகு வரும் கவனிப்பு எல்லாம் சேர்த்துச் சராசரியாகச் சுமார் 19 ஆயிரம் டாலர் ஆகிறது. ஒரு டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தாலும் 16 லட்சம் ரூபாய்! அதுவும், இன்சூரன்சு கம்பெனிகள் ஆஸ்பத்திரியோடு பேரம் பேசிக் குறைத்த தொகை. இன்சூரன்சு இல்லாதவருக்காகப் பேரம் பேச ஆள் கிடையாது.

வசதி உள்ளவர்கள் இந்தத் தொகையைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் புறப்படுகிறார்கள். சுகப்பிரசவத்துக்கு இவ்வளவு, ஆபரேஷன் என்றால் இவ்வளவு என்று கணக்குப் போடுகிறார்கள்.

ஆனால் குறைமாதக் குழந்தைக்கு அவர்கள் கணக்குப் போடுவதில்லை.

பத்துக்கு ஒன்று

37 வாரம் முடிவதற்கு முன் பிறந்தால் அது குறைமாதக் குழந்தை. 2020-ம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதாவது, பத்துக் குழந்தைகளில் ஒன்று.

பத்துக்கு ஒன்று என்பது சிறிய எண் அல்ல. ஒரு தெருவில் பத்துக் கர்ப்பிணிகள் இருந்தால், அதில் ஒருத்திக்கு நடக்கக்கூடியது இது. இரட்டைக் குழந்தை என்றால் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

குறைமாதக் குழந்தைக்கு நுரையீரல் முதிர்ந்திருக்காது. பால் குடிக்கத் தெரியாது. உடல் சூடு நிற்காது. அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, மூச்சுக்குக் கருவி பொருத்தி, இரவு பகலாக நர்சுகள் பார்க்க வேண்டும். இது ஒரு நாள், இரண்டு நாள் வேலை அல்ல. சில குழந்தைகளுக்கு வாரக்கணக்கு. சில குழந்தைகளுக்கு மாதக்கணக்கு.

அமெரிக்காவில் இந்தத் தீவிர சிகிச்சைக்கு ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். கையில் கொண்டு போன பணம் எத்தனை நாளைக்கு வரும்?

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பவும் முடியாது. கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் குழந்தை சாதாரண விமானத்தில் வர முடியாது.

மாதம் 2 வட்டி

கனடாவில் நடந்த ஒரு சம்பவம், கடன் எப்படி வளரும் என்பதைக் காட்டுகிறது.

2012-ம் ஆண்டில் வான்கூவர் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு வெளிநாட்டுப் பெண்ணுக்குப் பிரசவம் ஆயிற்று. சிக்கல் ஏற்பட்டதால் ஆஸ்பத்திரியில் அதிக நாள் இருக்க நேர்ந்தது. பில் 3 லட்சத்து 12 ஆயிரத்து 595 கனடா டாலர். ஒரு கனடா டாலருக்கு 60 ரூபாய் என்று வைத்தால், 1 கோடியே 87 லட்சம் ரூபாய். அந்தப் பணம் கட்டப்படவில்லை.

2018-ம் ஆண்டில் ஆஸ்பத்திரி நிர்வாகம் கோர்ட்டில் வழக்குப் போட்டது. கேட்டது அசல் மட்டும் அல்ல. மாதம் நூற்றுக்கு 2 வட்டி! வட்டி குட்டி போட்டு, ஆறு ஆண்டுக்குள் கடன் 10 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது.

நம் ஊரில் கந்து வட்டிக்கு வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும்.

டிராவல் இன்சூரன்சு கைகொடுக்குமா?

"நாங்கள் டிராவல் இன்சூரன்சு எடுத்திருக்கிறோமே!" என்று சிலர் சொல்வார்கள். அது வேறு, பிரசவ இன்சூரன்சு வேறு.

எதிர்பாராமல் நடப்பதற்குத்தான் டிராவல் இன்சூரன்சு பணம் தரும். கால் வழுக்கி விழுந்தால் தரும். திடீர் காய்ச்சல் வந்தால் தரும். பிரசவம் எதிர்பாராதது அல்ல. நாள் குறித்து வருவது. ஆகவே, சாதாரண டிராவல் பாலிசிகள் பிரசவச் செலவை ஏற்பதில்லை.

சில பாலிசிகள், கர்ப்பத்தில் திடீரென்று ஏற்படும் சிக்கலுக்கு மட்டும் பணம் தரும். அதற்கும் "இத்தனை வாரம் வரைதான்" என்று எல்லை இருக்கும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பாலிசியில் யார் பெயர் இருக்கிறதோ, அவருக்குத்தான் பணம். பாலிசி எடுத்தபோது குழந்தை பிறக்கவே இல்லை; அதன் பெயர் எப்படி இருக்கும்? தாய்க்குப் பணம் வந்தாலும், கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் பிள்ளைக்கு வராமல் போகலாம். பெரிய பில் தாயின் பில் அல்ல, பிள்ளையின் பில்!

கனடா நாட்டுப் பெண் ஒருவர் 2012-ம் ஆண்டில் ஹவாய் தீவுக்குச் சுற்றுலா போனார். பிரசவத்துக்காகப் போகவில்லை. டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் போனார். இன்சூரன்சும் எடுத்திருந்தார். அங்கே பனிக்குடம் உடைந்து, 9 வாரம் முன்னதாகக் குழந்தை பிறந்தது. பில் ஏறக்குறைய 9 லட்சத்து 50 ஆயிரம் அமெரிக்க டாலர். "உங்களுக்கு முன்பே உடல்நலக் குறைவு இருந்தது" என்று காரணம் காட்டி, இன்சூரன்சு கம்பெனி பணம் தர மறுத்தது.

இன்சூரன்சு எடுத்தவருக்கே இந்த நிலைமை. எடுக்காதவர் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரி துரத்திவிடுமா?

துரத்தாது. 1986-ம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி, பிரசவ வலியோடு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்த பெண்ணைப் பணம் இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது. இங்கிலாந்திலும் அப்படித்தான். பணம் கட்டவில்லை என்று பிரசவச் சிகிச்சையை மறுக்கவோ, தாமதிக்கவோ அரசு ஆஸ்பத்திரிக்கு உரிமை இல்லை.

இதைக் கேட்டுச் சிலர் தைரியம் அடைகிறார்கள். ஆனால் சிகிச்சை மறுக்கப்படாது என்பது வேறு. சிகிச்சை இலவசம் என்பது வேறு. உயிரைக் காப்பாற்றிவிட்டுப் பில்லை நீட்டுவார்கள். இங்கிலாந்து அரசு ஆஸ்பத்திரிகள், பணம் கட்ட வேண்டிய வெளிநாட்டுக்காரரிடம் வழக்கமான கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்கு வாங்குகின்றன.

500 பவுண்டுக்கு மேல் பாக்கி வைத்து, இரண்டு மாதம் கட்டாவிட்டால், விவரம் அந்த நாட்டு உள்துறைக்குப் போகும். பிறகு விசா கேட்டால் மறுக்கலாம்.

விசாவுக்கும் ஆபத்து

அமெரிக்கா 2020-ம் ஆண்டு ஜனவரியில் விதியைக் கடுமையாக்கியது. பிள்ளைக்குக் குடியுரிமை வாங்குவதே பயணத்தின் முக்கிய நோக்கம் என்று தெரிந்தால், சுற்றுலா விசாவை மறுக்க வேண்டும் என்று அதிகாரிகளுக்கு உத்தரவு. சிகிச்சைக்காக வருகிறேன் என்று சொன்னால், செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும்.

கர்ப்பிணி அமெரிக்கா போகக்கூடாது என்று சட்டம் இல்லை. பொய் சொல்லக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. வயிற்றை மறைத்து, நோக்கத்தை மறைத்து விசா வாங்கியது தெரிந்தால், வாழ்நாள் முழுவதும் அந்த நாட்டுக்குள் நுழைய முடியாமல் போகலாம்.

சட்டமும் நிலையாக நிற்கவில்லை. 2025-ம் ஆண்டு ஜனவரி 20-ந் தேதி, ஜனாதிபதி டிரம்ப் ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். தாய் தற்காலிக விசாவில் இருந்து, தந்தையும் அமெரிக்கக் குடிமகனோ நிரந்தரமாகக் குடியிருப்பவரோ இல்லை என்றால், பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை என்றது அந்த உத்தரவு. கோர்ட்டுகள் அதைத் தடுத்தன. 2025 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு வழக்கை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. டிக்கெட் வாங்கும்போது ஒரு சட்டம், பிள்ளை பிறக்கும்போது வேறு சட்டம் என்று வந்தால் குடும்பம் என்ன செய்யும்?

குடியுரிமை கிடைத்தாலும் அது பிள்ளைக்குத்தான், பெற்றோருக்கு அல்ல. பிள்ளைக்கு 21 வயது ஆன பிறகுதான் பெற்றோரை வரவழைக்க மனுக் கொடுக்க முடியும். இந்தியாவிலோ இரட்டைக் குடியுரிமை கிடையாது. அமெரிக்கப் பாஸ்போர்ட்டோடு வரும் பேரப்பிள்ளை, தாத்தா பாட்டி வீட்டில் சட்டப்படி வெளிநாட்டுக்காரப் பிள்ளை!

நம் குடும்பங்களுக்கு

குடியுரிமை ஆசை இல்லாத குடும்பங்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. கணவர் துபாயில் வேலை செய்கிறார். கர்ப்பிணி மனைவி விசிட் விசாவில் பார்க்கப் போகிறார். கம்பெனி தந்த இன்சூரன்சில் கணவர் பெயர் மட்டும் இருக்கலாம். அங்கே வலி வந்துவிட்டால் செலவு முழுவதும் கைப்பணம். சம்பளத்தை நம்பி வாழும் குடும்பம் அதைத் தாங்குமா?

ஆகவே, கர்ப்பிணி கடல் கடக்குமுன் வீட்டில் உள்ளவர்கள் இந்த ஐந்து கேள்விகளைக் கேட்க வேண்டும்:

1. இந்தப் பாலிசி பிரசவச் செலவைத் தருமா? எத்தனையாவது வாரம் வரை தரும்?

2. குறைமாதத்தில் பிறந்தால் குழந்தையின் செலவையும் தருமா? எந்தப் பக்கத்தில் அப்படி எழுதியிருக்கிறது?

3. அதிகபட்சம் எவ்வளவு தரும்? அங்கே ஒரு மாதத் தீவிர சிகிச்சைக்கு அது போதுமா?

4. பழைய நோய்கள் எல்லாவற்றையும் மனுவில் எழுதியாயிற்றா? மறைத்த நோய்தான் பிறகு பணத்தை மறுக்கக் காரணம் ஆகும்.

5. விமானக் கம்பெனி எத்தனை வாரம் வரை ஏற்றும்? பெரும்பாலான கம்பெனிகள் 28 வாரத்துக்கு மேல் டாக்டர் சர்டிபிகேட்டு கேட்கும். 36 வாரத்துக்கு மேல் ஏற்றாது. இரட்டைக் குழந்தை என்றால் 32 வாரம்தான்.

ஏஜெண்டு வாயால் "எல்லாம் கிடைக்கும்" என்று சொன்னால் போதாது. எழுத்தில் வாங்க வேண்டும். படிக்கத் தெரிந்த ஒருவர் அதை வரி வரியாகப் படித்து வீட்டாருக்குச் சொல்ல வேண்டும்.

ஐந்துக்கும் நல்ல பதில் இருந்தால் போகலாம். ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும், பயணத்தைத் தள்ளி வைப்பது நல்லது. பிள்ளை பிறந்து, தாயும் சேயும் தேறிய பிறகு சேர்ந்தே போகலாம். விமானம் தினமும் பறக்கிறது.