பிள்ளைத் துணியை யார் அலசுவது?

பெட்டிக்கடையில் ஷாம்பு சரத்துக்கும் பாக்குச் சரத்துக்கும் நடுவே ஒற்றை டயப்பர் பொட்டலம் தொங்குவது திருவாதவூர் போன்ற ஊர்களிலும் இன்று பழகிய காட்சிதான். அதற்காக மேலூர் வரை பஸ் ஏற வேண்டியதில்லை. ஒன்று பத்து ரூபாய்க்கு முன்பின் கிடைக்கிறது. ஒரு காலத்தில் நகரத்து வசதியானவர்களின் பொருளாக இருந்தது, களையெடுப்புக்கும் மதுரை ஜவுளிக்கடை வேலைக்கும் போகிற பெண்களின் அன்றாடச் செலவாகிவிட்டது. அதே வேளையில் நகரத்தில் காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. பட்டன் வைத்துத் தைத்த துணி டயப்பர்களைச் சில நூறு ரூபாய் கொடுத்து வாங்கும் இளம் பெற்றோர், 'நம் பாட்டி காலத்து முறைக்குத் திரும்புகிறோம்' என்கிறார்கள்.

துணி நல்லது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பாட்டி காலத்தைப் பற்றிய அந்த நினைப்பில்தான் ஒரு பகுதி விடுபட்டுப் போகிறது.

நைந்த எட்டு முழ வேட்டியும் பழைய சுங்குடிச் சேலையும் கிழிபட்டுப் பிள்ளைக்கு முக்கோணத் துணியானது உண்மை. அதை அலசியது யார்? தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் முதல் சில மாதம் பிள்ளையின் அம்மாச்சி அலசினாள், பிறகு தாயே அலசினாள். பேறுகாலத்துத் தீட்டுத் துணியோ வீட்டார் கைக்கே வராமல் ஊர் வண்ணார் வீட்டுக்குப் போனது. கூலி, வீடு வீடாக வாங்கிய சோறும் அறுவடையில் அளந்த நெல்லும். தலித் குடும்பங்களின் துணியை வெளுத்த புதிரை வண்ணார்களின் நிலை அதற்கும் கீழே. அவர்களுக்கென்று தமிழக அரசு ஒரு நல வாரியம் அமைக்கவே 2009 வரை ஆயிற்று. ஆக, பாட்டி காலத்துத் துணிமுறை பெண்ணின் இடுப்பிலும், கூலியாக எண்ணப்படாத சாதி உழைப்பிலும் நின்றது. அந்த உழைப்பு ஊரில் இல்லாமல் போனது நல்லதே. அதன் இடத்தில் எதை வைத்தோம் என்றால், டயப்பரை வைத்தோம்.

டயப்பர், துணி இரண்டில் எது சூழலுக்குக் கேடு என்று பிரிட்டன் அரசின் சுற்றுச்சூழல் முகமை 2008இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. ஒரு குழந்தை இரண்டரை ஆண்டு டயப்பர் கட்டினால் 550 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வெப்ப வாயுக்கள் வெளியாகும், துணியானால் 570 கிலோ என்றது அது. டயப்பர் ஆதரவாளர்கள் இன்றும் இந்த இரண்டு எண்களை எடுத்து வீசுவார்கள். ஆனால் அந்த 570 எங்கிருந்து வருகிறது? இயந்திரத்தில் வெந்நீரில் துவைப்பதிலிருந்தும் மின்சார உலர்த்தியிலிருந்தும். எல்லாத் துணியையும் உலர்த்தியில் போட்டால் கணக்கு 43 சதவீதம் ஏறும். இயந்திரம் நிறையப் போட்டுத் துவைத்து, வெளியில் கொடியில் காயவைத்து, அதே துணியை அடுத்த பிள்ளைக்கும் பயன்படுத்தினால் 40 சதவீதம் இறங்கும் என்று அதே அறிக்கை சொல்கிறது. ஆண்டு முழுவதும் வெளியில் காயவைப்பது பிரிட்டன் வானிலையில் நடக்காது. திருவாதவூரில் சித்திரை வெயிலில் துணியைப் போட்டுவிட்டு உள்ளே போய் வருவதற்குள் மொடமொடவென்று காய்ந்திருக்கும். மதுரைச் சமவெளிக்கு அந்தக் கணக்கு துணியின் பக்கமே சாயும்.

அந்த அறிக்கை நம் ஊருக்குப் போடாத கணக்கு தண்ணீர். பிறந்த குழந்தை ஒரு நாளில் பதினைந்து, இருபது முறை நனைக்கும். முதல் அலசல், சோப்பு, மறு அலசல் என்று மூன்று வாளி பிடித்தாலும் ஐம்பது லிட்டரைத் தாண்டும். ஊரகத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் கொடுப்பதுதான் ஜல் ஜீவன் திட்டத்தின் இலக்கு. அதாவது, இன்னும் தவழக்கூடத் தொடங்காத பிள்ளை, வளர்ந்த ஆளின் முழுப் பங்கையும் எடுத்துக்கொள்கிறது. பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் ஓடி, கண்மாய் நிறைந்திருக்கும் மாதங்களில் இது பெரிதாகத் தெரியாது. கோடையில் குடத்துக்கு வரிசை நிற்கும் வீட்டில் துணியா டயப்பரா என்ற கேள்விக்குக் குழாய்தான் பதில் சொல்லும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு சிக்கல்: தண்ணீர் உண்டு, வெயில் இல்லை. வீட்டுக்குள் கொடி கட்டி ஈரநாற்றத்தில் இருப்பதைவிடப் பத்து ரூபாய் மேல் என்று ஒரு தாய் முடிவு செய்தால் அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

துணிக்கே பஞ்சம் என்பதையும் சொல்ல வேண்டும். பழைய பருத்தி எந்த வீட்டில் இருக்கிறது? பாட்டிகளே பூனம் சேலைக்கு மாறி வெகுகாலமாகிறது. அது ஒரு சொட்டைக்கூட உறிஞ்சாது. வேட்டியிலும் பாலியஸ்டர் கலந்துவிட்டது. இன்றைய வீடுகளில் மிஞ்சியிருக்கும் மெத்தென்ற பருத்தி, துவைத்துத் துவைத்து நைந்த நைட்டிதான். நைட்டியைப் பற்றி ஊரில் எவ்வளவோ கேலி உண்டு. பிள்ளைத் துணி விஷயத்தில் அது சேலையைத் தோற்கடித்துவிட்டது.

பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைத்த பழந்துணியை மட்டும் எடுக்காதீர்கள். அதிலுள்ள நாப்தலீன், ஜி6பிடி என்னும் நொதி குறைவாகப் பிறந்த சிசுக்களின் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள்காமாலையில் கொண்டுபோய் விடக்கூடியது. அந்தக் குறைபாடு யாருக்கு உண்டு என்பது பிறந்த பிள்ளையைப் பார்த்துத் தெரியாது.

அலசும் முறையிலும் நல்லெண்ணத்தால் விளையும் தவறுகள் உண்டு. பீத்துணியில் எடுத்ததும் வெந்நீரை ஊற்றினால் கறை இறுகிப் பிடிக்கும். மலத்தைக் கழிப்பறையில் உதறிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் அலசிய பிறகுதான் சோப்பும் வெந்நீரும். மணக்கிற கிருமிநாசினித் திரவத்தை ஊற்றினால்தான் சுத்தம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மிச்சம் தங்கினால் பச்சைத் தோலுக்கு எரிச்சல்தான். துணியை மென்மையாக்கும் திரவம் நூலின்மேல் படிந்து ஈரம் உறிஞ்சுவதைக் குறைக்கும். நுரை போக அலசி நல்ல வெயிலில் போட்டால் கறையும் வெளுக்கும், கிருமியும் குறையும். அலசிய தண்ணீர் உறிஞ்சுகுழிக்குப் போக வேண்டும், அடிபம்பு மேடைக்கோ வாய்க்காலுக்கோ அல்ல.

துணியின் எண்ணிக்கையைக் குறைக்க நம்மிடம் ஒரு பழக்கமும் இருந்தது. பால் குடித்ததும், தூங்கி எழுந்ததும் பிள்ளையைக் காலில் இருத்தி, 'ஸ்ஸ்...' என்று ஒலியெழுப்பிப் போகவைப்பார்கள். சில மாதத்தில் பிள்ளைக்கும் அது பழகிவிடும். டயப்பர் ஈரத்தை உணரவிடாமல் செய்வதால் அந்தப் பாடம் தள்ளிப்போகிறது. ஆனால் காலில் இருத்த, நேரத்தோடு ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். எட்டரை மணி பஸ்ஸைப் பிடிப்பவளால் முடியாது.

இனி டயப்பரின் மறுபக்கம். உள்ளே இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சிக் கூழாகிவிடும். அந்த ஈரக்கூழ் குப்பைமேட்டு நெருப்பில் வேகுமே தவிர எரியாது; மேலே இருக்கும் பிளாஸ்டிக் மட்டும் புகையும். மண்ணிலும் மட்காது. மிச்சமிருப்பது கண்மாயும் வாய்க்காலும். இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் பிராந்தாஸ் ஆறு டயப்பர்களால் அடைபட்டு, 2017இல் தன்னார்வலர்கள் படையாகத் திரண்டு அவற்றைப் பொறுக்கி எடுக்க வேண்டியிருந்தது. டயப்பரை எரித்தால் பிள்ளையின் உடம்பு புண்ணாகும் என்ற நம்பிக்கையில் மக்கள் அதை ஆற்றில் போட்டு வந்தார்கள். வனுவாட்டு என்ற பசிபிக் தீவு நாடு டயப்பரையே தடை செய்யப்போவதாக 2019இல் அறிவித்து, பிறகு தள்ளிவைத்தது. தடை போட்டால் அந்தச் சுமை மறுநாளே தாயின் கைக்கு வரும் என்பதால் அந்த வழியை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய டயப்பரைச் சுற்றி உலர்குப்பைத் தொட்டியில் போடும் பொறுப்பை வீட்டாருக்கும், அதற்கான உறையைப் பொட்டலத்தோடு தரும் பொறுப்பைத் தயாரிப்பாளருக்கும் வைத்தன. ஒற்றையாகச் சரத்தில் தொங்கும் டயப்பரை வாங்குபவளுக்கு எந்த உறை? அந்த விதிகள் நகரத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறை நாளாகக் கொண்ட புதிய விதிகள் டயப்பர், நாப்கின் போன்றவற்றுக்கெனத் தனி வகுப்பு வைத்துக் குப்பையை நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. ஊராட்சியில் இதைச் செய்யப்போவது தூய்மைக் காவலர்கள். அவர்களிலும் பெண்களே அதிகம். முன்பு வண்ணாத்தி கையில் கொடுத்ததை இன்று சுருட்டி வேறொரு பெண்ணின் கையில் கொடுக்கிறோம். வீட்டிலிருந்து பிரிந்து வராவிட்டால் அவள் அதை விரலால்தான் பொறுக்க வேண்டும்.

அரசு எந்தப் பக்கம் கை கொடுத்திருக்கிறது என்பதும் கவனிக்க வேண்டியது. 2025 செப்டம்பர் 22 முதல் குழந்தை டயப்பர் மீதான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. கூலித் தொழிலாளியின் வீட்டுக்கு இது நல்ல செய்தி, எதிர்க்கவில்லை. துணிக்கு என்ன கிடைத்தது? அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்காக 2015இல் தொடங்கிய பரிசுப் பெட்டகத்தில் 16 பொருட்கள் இருந்தன. கிலுகிலுப்பை, பொம்மை, நகவெட்டி, சௌபாக்கிய சுண்டி லேகியம் ஆகியவற்றோடு ஒரு நாப்கினும் உண்டு. ஒரு நாளைக்கு இருபது துணி கேட்கும் பிள்ளைக்கு அது எந்த மூலைக்கு?

ஊரில் நடக்கக்கூடிய ஏற்பாடு எனக்குத் தெரிந்து ஒன்றுதான். பகலில் வீட்டில் துணி. இரவுக்கும் பஸ் பயணத்துக்கும் அடைமழைக்கும் டயப்பர். அந்தப் பகல் துணியை அலசும் முறையை அப்பனும் ஆத்தாளும் மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். மனைவி பச்சை உடம்போடு குனிந்து அலசும்போது திண்ணையில் செல்போன் பார்க்கும் ஆண், துணிமுறையின் பெருமையைப் பேசத் தகுதி அற்றவன். அரசு தன் பங்குக்கு, பிரசவம் முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொரு தாய்க்கும் இரண்டு டஜன் பருத்தித் துணியும் மூடி போட்ட ஒரு வாளியும் கொடுக்கட்டும். ஊராட்சி, டயப்பருக்கென்று தனிப் பையும் தூய்மைக் காவலருக்குக் கையுறையும் கொடுக்கட்டும். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரும்படி திருவாதவூரின் இளம் தாய்மார்களைவிட, தகப்பன்மார்களையே கேட்டுக்கொள்கிறேன்.